திறமையா, அணியின் தேவையா? இளம் கூடைப்பந்து வீரர் தேர்வில் தீராத கேள்வி

வித்துரா (திருவனந்தபுரம்): பொன்முடி மலையடிவாரத்தில் உள்ள வித்துரா போன்ற ஊரில் பிறந்த ஒரு மாணவர் கூடைப்பந்தையே தன் எதிர்காலமாகக் கொள்ள விரும்பினால், அவர் கடக்க வேண்டிய முதல் வாயில் விளையாட்டுப் பள்ளி அல்லது விளையாட்டு விடுதியின் தேர்வுக் களமாகும். அருவிக்கரை அருகே மைலத்தில் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியும், காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி வளாகமும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. ஆனால், எத்தகைய மாணவரைத் தேர்வு செய்வது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. இருப்பவர்களில் மிகச் சிறந்த திறமையாளரையா, அணியில் காலியாக உள்ள இடத்துக்குப் பொருந்துபவரையா?

போர்ட்லாந்து தந்த பாடம்

அமெரிக்காவின் என்பிஏ தொடரில் புதிய வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ நடைமுறையில் இக்கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. 1984-ஆம் ஆண்டு இரண்டாவது வாய்ப்பைப் பெற்றிருந்த போர்ட்லாந்து அணி, சென்டர் நிலையில் ஆடும் சாம் பௌவியைத் தேர்வு செய்தது. முந்தைய ஆண்டு தேர்வான கிளைட் டிரெக்ஸ்லர் இருந்ததால், அதே நிலையில் ஆடும் மற்றொருவர் தேவையில்லை என அந்த அணி கருதியது. அடுத்த வாய்ப்பில் சிகாகோ அணி தேர்வு செய்த மைக்கேல் ஜோர்டான், அந்த அணிக்கு ஆறு முறை சாம்பியன் பட்டம் வென்று தந்தார். பௌவியின் விளையாட்டு வாழ்வைக் கால் காயங்கள் முடக்கின.

இதன் மறுபக்கமும் உண்டு. 2003-இல் டெட்ராய்ட் அணி கார்மெலோ அந்தோணியை விட்டுவிட்டு, 18 வயதான டார்கோ மிலிசிச்சைத் தேர்வு செய்தது. மிலிசிச் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. எனினும், 2004-இல் அந்த அணியே சாம்பியன் ஆனது. ஒரு தேர்வு தவறினாலும், கட்டுக்கோப்பான அணி வெல்ல முடியும் என்பதற்கு அது சான்று.

அண்மைக்காலத்தில் திறமைக்கு முன்னுரிமை தந்த அணி சான் அன்டோனியோ. டியாரன் ஃபாக்ஸ், ஸ்டீஃபன் கேஸில் ஆகிய இரு கார்டுகள் இருந்தும், 2025 டிராஃப்டின் இரண்டாவது வாய்ப்பில் மற்றொரு கார்டான டிலன் ஹார்ப்பரையே அது தேர்ந்தெடுத்தது.

இந்தியர்களின் அனுபவம்

திறமைக்கு வாசல் திறந்தால் மட்டும் போதாது என்பதற்கு பஞ்சாபைச் சேர்ந்த சத்னம் சிங் எடுத்துக்காட்டு. 7 அடி 2 அங்குல உயரம் கொண்ட அவர், 2015-இல் தமது 19-ஆவது வயதில் டல்லாஸ் அணியால் 52-ஆவது இடத்தில் தேர்வு செய்யப்பட்டார். என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவரே. ஆனால் துணைத் தொடரில் ஆடிய அவருக்கு, என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கும் வாய்ப்புக் கிட்டவில்லை.

கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், 2011-இல் அமெரிக்க மகளிர் தொடரான டபிள்யூஎன்பிஏவின் மூன்று அணிகளுடைய தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டார். இந்திய அணியின் தூணாக விளங்கிய அவருக்கும் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அங்கு ஒவ்வோர் அணியிலும் உள்ள இடங்கள் மிகக் குறைவு.

இங்குள்ள ‘டிராஃப்ட்’

இந்தியாவில் பெரும்பாலான வீரர்களுக்கு உண்மையான டிராஃப்ட் என்பது வேலைவாய்ப்பே. ரயில்வே, கேரள மின்வாரியம், காவல்துறை, வங்கிகள் ஆகியவற்றின் அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் பணியை நம்பியே பலர் பந்தைக் கையில் எடுக்கின்றனர். கீதுவும் தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர். இத்தகைய பணி நியமனங்களில் அணியின் தேவை முக்கிய இடம் பெறுவது இயல்பு. சென்டர் ஓய்வு பெற்ற அணி, கார்டை அல்ல, மற்றொரு சென்டரையே தேடும். மிகச் சிறந்த கார்டாக இருந்தாலும், அந்த ஆண்டு இடமில்லை எனில் அவர் காத்திருக்க வேண்டும். அதற்குள் வயது வரம்பு நெருங்கிவிடக்கூடும்.

ஆனால், அதே அளவுகோலைப் பதின்பருவத்தினருக்கும் பொருத்துவது சரியல்ல. 13 வயதில் விடுதியில் சேரும் மாணவர் முழு வீரராக உருவாக ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். இன்று அணியில் உள்ள வெற்றிடம் அன்று இருக்காது. உயரத்தை மட்டும் பார்த்துச் சேர்க்கப்பட்டவரின் வளர்ச்சி இடையில் நின்றுவிடலாம்; குள்ளமானவர் என ஒதுக்கப்பட்டவர் பின்னர் வளரலாம். பந்தைக் கையாளும் திறன், ஆட்டத்தைப் படிக்கும் அறிவு, கற்கும் ஆர்வம் ஆகியவையே நீடிப்பவை.

எனவே, வயதே இங்கு பிரிகோடாக அமைய வேண்டும். பள்ளி, விடுதி நிலையில் திறமையையும், முதுநிலை அணிகளில் தேவையையும் முதன்மையாகக் கொள்வது பொருத்தமானது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 18 முதல் 23 வயதில்தான் பலர் விளையாட்டைக் கைவிடும் அபாயம் உள்ளது. அந்த வயதினருக்குக் களத்தில் ஆடும் நேரம் கிடைத்தாக வேண்டும். 2025-இல் ஆறு அணிகளுடன் நடைபெற்ற 25 வயதுக்குட்பட்டோருக்கான ஐஎன்பிஎல் புரோ தொடர் அத்தகைய ஒரு முயற்சி. அது தொடர்ந்து நடைபெறுவதும், மகளிருக்கும் விரிவதும் அவசியம். தேர்வுக் களத்தில் தேர்ச்சி பெற்ற மாணவருக்கு அதன்பின் ஆடுவதற்கு இடம் இல்லையெனில், எந்த அளவுகோலில் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை.