கடனாளிக்கு 60 நாள் கெடு, உழவருக்கு?

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு மண்வெட்டி பிடிக்க வந்தவன் நான். கடன் வசூல் பிரிவிலும் இருந்திருக்கிறேன். ஈடாக வைத்த கட்டடத்தை வங்கி எடுக்க வேண்டுமென்றால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி முதலில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கடன்காரர் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விவசாய நிலத்தில் அந்தச் சட்டத்தை வைத்துக் கை வைக்கவே முடியாது. செங்கலுக்கும் சிமென்டுக்குமே இவ்வளவு மரியாதை. ஒரு மனுஷனைப் பிடித்து ஒரு வருஷம் உள்ளே வைப்பதற்கு?

2023 நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலத்தைத் தர மாட்டோம் என்று போராடியவர்களைக் கைது செய்தார்கள். அதோடு விடாமல் 7 பேர் மீது குண்டர் சட்டத்தையும் போட்டார்கள். நாலா பக்கமும் எதிர்ப்பு கிளம்பியதும், 6 பேர் மீதான உத்தரவை அரசு சில நாளிலேயே திரும்பப் பெற்றது. ஏழாமவருக்கு அப்போது அதுவும் கிடைக்கவில்லை.

"அதான் வாபஸ் வாங்கிட்டாங்களே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு உறுத்துவதே அந்த வாபஸ்தான். வெளியே விட்டால் ஊருக்கே ஆபத்து என்று கையெழுத்துப் போடப்பட்டவர்கள், சில நாளில் எப்படி ஆபத்தில்லாதவர்கள் ஆனார்கள்? வங்கியில் ஒரு அதிகாரி இப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும்.

இந்தச் சட்டம் 1982இன் 14ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் குற்றவாளி, ரவுடி போன்றவர்களுக்காக வந்தது. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். இதற்கு வழக்கு விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது. காரணத்தை எழுதிக் கொடுக்க 5 நாள் வரை அவர்களுக்கு அவகாசம் உண்டு. ஆலோசனைக் குழுமம் முன் வக்கீல் வைத்து வாதாட உரிமை இல்லை.

அரசியலமைப்பே இதற்கு இடம் விட்டிருக்கிறது என்பதுதான் வேதனை. கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, தடுப்புக் காவல் என்றால் இவை பொருந்தாது என்று எடுத்துவிடுகிறது. அதனால்தான் இந்த அதிகாரத்தை எடுத்த எடுப்பில் பிரயோகிக்கக் கூடாது.

"ரவுடிகளை அடக்க வேண்டாமா?" வேண்டும். ஆனால் சட்டம் ஒழுங்கு வேறு, பொது ஒழுங்கு வேறு என்று ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965லேயே பிரித்துச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு சச்சரவும் பொது ஒழுங்கைக் குலைப்பது ஆகாது. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது 19ஆம் பிரிவு தந்த உரிமை. போராட்டத்தில் யாராவது தப்பு செய்தார் என்றால், சாதாரணச் சட்டப்படி வழக்குப் போடட்டும். கோர்ட்டில் நிரூபிக்கட்டும். நிரூபிக்கச் சிரமப்படாமல் அடைத்து வைக்க நினைப்பதுதான் அத்துமீறல்.

சரி, நாம் என்ன செய்வது? கணக்குப் பிள்ளை புத்தியோடு சொல்கிறேன்: எல்லாவற்றையும் காகிதத்தில் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 47ஆம் பிரிவு, கைதுக்கான காரணத்தைச் சொல்லச் சொல்கிறது. 48ஆம் பிரிவு, உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தரச் சொல்கிறது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையை 38ஆம் பிரிவு தருகிறது. பொழுது சாய்ந்த பிறகு, விடிவதற்குள் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால், பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

குண்டர் சட்டமே போட்டுவிட்டாலும் இடிந்துபோய் உட்கார வேண்டாம். காரணத்தைத் தெரிவிப்பதும், சீக்கிரமாக முறையீடு செய்ய வாய்ப்புத் தருவதும் 22(5)இன்படி அரசின் கடமை. உடனே மனு கொடுங்கள். தேதியோடு ஒப்புகை வாங்கி வையுங்கள். மனுவைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டதற்காகவும், தந்த நகல் படிக்க முடியாமல் இருந்ததற்காகவும் உயர் நீதிமன்றம் எத்தனையோ உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. ஆட்கொணர்வு மனுவைச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ போடலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். நிலத்துக்காகப் போராடுபவர்கள் மேல் குண்டர் சட்டம் போடுவதில்லை என்று கலெக்டர்களுக்கு எழுத்தில் உத்தரவு அனுப்புங்கள். வாய் வார்த்தை வேண்டாம். நம் இயக்கத் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறேன். விதைப் பட்டியல் ஒட்டியிருக்கும் சுவரில், பக்கத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எண்ணையும் நம்பிக்கையான ஒரு வக்கீலின் எண்ணையும் எழுதி வையுங்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும். போலீஸ் வந்து நம்மை அழைத்துப் போனால், அந்த எண்ணைத் தேடப் போவது அவர்கள்தான்.