கொட்டார வாசல் வரை பஸ் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் இதழின் பயணப் பகுதியில் பத்மநாபபுரம் அரண்மனை பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். மரவேலைப்பாடுகளை மனம் ஒன்றி எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் எப்படிப் போவது என்று சொல்ல வரும்போது, வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே நல்லது, பஸ்ஸில் போனால் அலைச்சல் என்று முடித்துவிட்டார். அந்த வரியை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். அலைச்சல் உண்மைதான் என்றால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் காரைக் காட்டிவிட்டுப் போனால், காருக்குக் கொடுக்கப் பணமில்லாத குடும்பம் அரண்மனையைப் பார்க்க வேண்டாம் என்றுதானே அர்த்தம்?

இத்தனைக்கும் கொட்டாரம் என்று நாங்கள் சொல்லும் அந்த அரண்மனை இருப்பது எங்கோ காட்டுக்குள் அல்ல. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் சாலையில் இரண்டு மாநிலத்து அரசு பஸ்களும் ஓடுகின்றன. நாகர்கோவில் வடசேரியில் ஏறினால் தக்கலை சுமார் 15 கிலோமீட்டர். திருவனந்தபுரம் தம்பானூரில் ஏறுகிறவர்களும் வண்டி மாறாமல் தக்கலையில் வந்து இறங்கலாம். ரயிலில் வருகிறவர்களுக்கு இரணியல் நிலையம் இருக்கிறது. அங்கிருந்தும் தக்கலை வந்துதான் போக வேண்டும். ஆக, தக்கலை வரை பஸ்தான் மலிவு, பஸ்தான் வசதி. அதன் பிறகு அரண்மனைக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். சங்கடம் முழுவதும் அந்த 2 கிலோமீட்டரில்தான்.

சென்ற கோடை விடுமுறையில் ஊரிலிருந்து வந்த அக்காவையும் பேரப்பிள்ளைகளையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு முழங்கால் வலி. தக்கலையில் இறங்கி, அரண்மனைப் பக்கம் போகும் வண்டி எங்கே நிற்கும், எப்போது வரும் என்று விசாரித்தோம். ஆளுக்கொரு பதில் வந்தது. நேரம் எழுதிய பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு ஆட்டோ பிடித்தோம். வடசேரியிலிருந்து தக்கலை வர எங்கள் எல்லோருக்கும் ஆன பஸ் கட்டணத்தைவிட அந்தச் சிறு தூரத்துக்கு ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம். ஆட்டோக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர் பிழைப்பு. போய்ச் சேர்ந்தபோது மதிய இடைவேளைக்காக அரண்மனையை மூடியிருந்தார்கள். மறுபடி திறக்கும் வரை குழந்தைகளோடு வெளியே காத்திருந்தோம். காரில் வருகிறவர்கள் அந்த நேரத்தில் உதயகிரிக் கோட்டைக்குப் போய் திருவிதாங்கூர் படைத் தளபதி டிலனாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். எங்களுக்கு அதற்கும் வழியில்லை.

அந்த அரண்மனையைப் பார்ப்பதற்கே காலில் தெம்பு வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் வெளியே வரும்வரை வெறுங்கால்தான். முகப்பு மண்டபமான பூமுகத்தின் குதிரை விளக்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, குறுகிய மரப்படியேறி ஆலோசனைக் கூடமான மந்திரசாலைக்குப் போக வேண்டும். அங்கே சாய்த்து வைத்த மரச்சட்டங்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் வடிகட்டி விழும். கோடையிலும் தரை சில்லென்றிருக்கும். அங்கிருந்து ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரை, எல்லாவற்றிலும் பழைய தாய்க்கொட்டாரம், பத்மநாப சுவாமிக்கென்று மேல்நிலையை ஒதுக்கிய உப்பரிகை மாளிகை, கருங்கல் தூண்களும் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரையுமாக நவராத்திரி மண்டபம் என்று நடந்துகொண்டே இருக்க வேண்டும். நிலைப்படிகள் தாழ்வானவை, படிகள் செங்குத்தானவை. உள்ளே இவ்வளவு நடக்க வேண்டிய வயதானவர்களை, வாசலுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே களைத்துப்போக வைக்கலாமா? அக்கா மந்திரசாலையோடு போதும் என்று கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

இந்த நிலைக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. திருவிதாங்கூர் மன்னர்களின் இந்த அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்புக்குப் போனது. இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அந்தப் பராமரிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானூறு ஆண்டுப் பழமையான மரக்கட்டடத்தை இப்படிக் காப்பாற்றுவது எளிதல்ல. ஆனால் மதிலுக்கு உள்ளே ஒரு மாநிலம், மதிலுக்கு வெளியே சாலையும் பஸ்ஸும் இன்னொரு மாநிலம் என்று ஆகிவிட்டதால், உள்ளிருப்பவர்களுக்கு பஸ் தங்கள் வேலையல்ல, வெளியிலிருப்பவர்களுக்கு அரண்மனை தங்கள் சொத்தல்ல. நடுவில் நிற்பது பயணி.

இரண்டு அரசுகளும் சேர்ந்து வேலை செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு இதே அரண்மனையிலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் போகிறார்கள். மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு உப்பரிகை மாளிகையில் நடக்கிறது. இரு மாநிலத்துப் பிரமுகர்களும் வருகிறார்கள், இரு மாநிலத்துப் போலீசாரும் அணிவகுப்பு மரியாதை செய்கிறார்கள். களியக்காவிளை எல்லையில் வரவேற்பு நடக்கிறது. யார் எங்கே நிற்க வேண்டும், எந்த நேரத்தில் எது நகர வேண்டும் என்பதெல்லாம் துல்லியமாக முடிவாகிறது. அந்த ஒழுங்கில் ஒரு பங்கு போதும், தக்கலைக்கும் அரண்மனைக்கும் நடுவே ஒரு சிறிய பஸ்ஸை விட.

பஸ்ஸில் யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 2021-லிருந்து தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே வீட்டைவிட்டு இறங்கிய பெண்கள் பலர் இப்போது நாலு பேராகச் சேர்ந்து ஒருநாள் எங்காவது போய்வரத் துணிகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ் தக்கலையோடு நின்றுவிட்டால் எப்படி? பஸ் எட்டாத இடங்களுக்கு வண்டி விடுவதற்கென்றே 2025-இல் புதிய மினி பஸ் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதில் இந்தச் சிறு வழித்தடத்துக்கு இடம் கொடுக்கலாம். கார்களை வரச்சொல்லிக்கொண்டே போவதும் தீர்வாகாது. தக்கலைச் சாலையின் நெரிசலை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது தெரியும். பழைய கோட்டை மதிலுக்குள் இருக்கும் தெருக்களும் கார்கள் பெருகுவதற்கேற்ற அகலம் கொண்டவை அல்ல.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இருக்கிற இடம் இது. அதற்காக நான் கேட்பது இவ்வளவுதான். அரண்மனை திறக்கும் காலை நேரத்துக்கும் மதிய இடைவேளை முடியும் நேரத்துக்கும் பொருந்தும்படி தக்கலையிலிருந்து ஒரு மினி பஸ் வந்து போகட்டும். தக்கலையிலும் அரண்மனை டிக்கெட் கவுண்டரிலும் வண்டி நேரங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்கட்டும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதையும் தக்கலையிலேயே எழுதிவிட்டால், தெரியாமல் வந்தவர்கள் பஸ் இறங்கிய இடத்திலேயே திரும்பிவிடுவார்கள். கோடிக்கணக்கில் செலவு வைக்கும் கோரிக்கை எதையும் நான் முன்வைக்கவில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பயணக் கட்டுரை எதை வெளியிட்டாலும் எந்த ஊரில் ஏறி எங்கே இறங்க வேண்டும், கடைசி வண்டி எப்போது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். அரண்மனை வாசல் வரை பஸ் விடச் சொல்லி இரு அரசுகளையும் தலையங்கத்தில் கேளுங்கள். அடுத்த நவராத்திரிக்கு முன்பாவது அந்த பஸ் ஓட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
வடசேரி, நாகர்கோவில்.