கரணங்களும் கடன் தவணையும்

சென்ற மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்து இளம் நண்பர் ஒருவர் 60,000 ரூபாய்க்கு ஒரு காமிராவைத் தவணையில் வாங்கினார். சிதம்பரம் கோபுர வாயில்களின் கரணச் சிற்பங்களைப் படமெடுத்துத் தொகுக்க வேண்டுமென்பது அவரது நெடுநாள் ஆசை. எடுத்து வந்தவற்றுள் பாதிக்கு மேல் கலங்கியிருந்தன. "இன்னும் விலை கூடிய காமிராவாக வாங்கியிருக்க வேண்டுமோ, சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் இருக்கும் மூடநம்பிக்கைக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

கோபுர வாயிலின் உட்புறம் பகலிலும் அரையிருள். காமிராவோடு சேர்த்துத் தரும் 18-55 லென்சை முழுதாக நீட்டினால் அதன் துளை பெரும்பாலும் எஃப் 5.6க்கு மேல் திறவாது. எஃப் 1.8 துளை கொண்ட சாதாரண 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் பத்தில் ஒரு வினாடி கேட்கும் படம் பின்னதில் நூறில் ஒரு வினாடியில் முடிந்துவிடும். கல்லில் ஆடுகிறவள் அசைய மாட்டாள். காமிரா பிடித்த கை அசையும். நடுக்கம் தணிக்கும் வசதி ஓரளவு காப்பாற்றும் என்பது மெய்யே. ஆனால் 1981 முதல் சிவராத்திரியையொட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலியில், உயிருள்ள கால்கள் சுழலும்போது அந்த வசதியும் கைவிட்டுவிடும். அங்கே வேண்டியது ஒளி. ஒளியைத் தருவது லென்ஸ்.

விளம்பரங்களோ மெகாபிக்சலைப் பற்றியே பேசுகின்றன. 12 மெகாபிக்சல் படத்தை 13 அங்குல அகலத்துக்குத் துல்லியமாக அச்சிடலாம். நம் சிறுபத்திரிகைகளின் பக்கம் அவ்வளவு அகலம் இல்லை. பிறகு எதற்காக இந்த எண் வேட்டை?

என் யோசனை எளியது. கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் சாய்ந்துவிட்டதால் பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றும் ஒரு 50 அல்லது 35 மி.மீ. லென்சும் போதும். நிக்கானின் 3000, 5000 வரிசை பாடிகளில் குவிய மோட்டார் கிடையாது. ஆகவே மோட்டார் உள்ள லென்சாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடலூரின் ஈரக்காற்று லென்சைத் தின்னும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் பாடியை விட அவசியமானவை.

பிச்சாவரத்துப் பறவைகளை 50 மி.மீ.யில் எடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அதற்கு 300 மி.மீ.யாவது வேண்டும். கையில் காசில்லாதவன் எல்லாவற்றையும் படமெடுக்க நினைக்கக் கூடாது என்பதே என் பதில். சிதம்பரத்தில் வாழ்ந்து 1985இல் மறைந்த மௌனி எழுதியவை இருபத்துச் சொச்சம் கதைகள்தாம். எதை விடுவது என்று தெரிந்திருந்ததை அவருடைய வறுமையென்று எந்த வாசகனும் சொல்லமாட்டான். ஒற்றை லென்ஸ்காரன் நெருங்க வேண்டுமானால் நடந்துதான் நெருங்க வேண்டும். அந்த நடையில்தான் பார்க்கக் கற்றுக்கொள்கிறான்.

இவ்வளவு கடுமையாகச் சொல்ல எனக்கொரு காரணம் உண்டு. எங்கள் வீட்டுக் கொல்லையில் தாத்தா வைத்த பலாமரம் ஒன்று இருந்தது. நல்ல காமிரா வாங்கிய பிறகு அதைப் படமெடுக்கலாம் என்று வருடக்கணக்கில் ஒத்திப்போட்டேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்த விடியலில் எங்கள் மரமும் சாய்ந்தது. பையில் சாதாரணக் கைப்பேசி ஒன்று எப்போதும் இருந்தது. அதில்கூட நான் ஒரு படம் எடுத்து வைக்கவில்லை.

நண்பருக்கு இன்னும் பத்துத் தவணைகள் பாக்கி. அவருக்கு என் பழைய 50 மி.மீ.யை இரவல் கொடுத்திருக்கிறேன். வரும் ஞாயிறு மறுபடியும் கிழக்குக் கோபுரத்துக்குப் போகிறார்.