கூடவே கிளம்பிய 42 பேர்

2023 அக்டோபரில் கனடா தன் தூதர்களை இந்தியாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டபோது, அந்நாட்டின் அன்றைய வெளியுறவு அமைச்சர் மெலனி ஜோலி இரண்டு எண்களைச் சொன்னார். கிளம்பிய தூதரக அதிகாரிகள் 41 பேர்; அவர்களுடன் கிளம்பிய குடும்பத்தினர் 42 பேர். இரு நாட்டுத் தூதர்களின் எண்ணிக்கையும் சமமாக வேண்டும் என்று இந்தியா விதித்த கெடு, சண்டிகர், மும்பை, பெங்களூரு துணைத் தூதரகங்களில் நேரடிச் சேவை நின்றது, மாணவர்களுக்கு விசா தாமதமாகும் என்ற கவலை என எல்லாம் அப்போது விரிவாகப் பேசப்பட்டன. அந்த 42 பேரைப் பற்றிய பேச்சு குறைவு. பள்ளிகள் நடந்துகொண்டிருந்த மாதம் அது. அவர்களில் யாரும் அரசின் சம்பளப் பட்டியலுக்காக இந்தியாவுக்கு வந்தவர்கள் இல்லை. எந்தப் பேச்சுவார்த்தையிலும் உட்கார்ந்தவர்கள் இல்லை. ஆனால் இரண்டு தலைநகரங்களுக்கு இடையில் எழுந்த பிணக்கு நேராக அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. தூதரின் குடும்பம் கொடுக்கும் விலையை அந்தக் குடும்பத்தின் சொந்தக் கணக்கில் எழுதுவதை அரசுகள் நிறுத்த வேண்டும், அதை வெளியுறவுக் கொள்கையின் செலவாகவே ஏற்க வேண்டும் என்பது என் வாதம். இந்த வாதத்தை முதலில் நம் நாட்டின் முன்தான் வைக்க வேண்டும்.

இந்திய வெளியுறவுப் பணியில் இருப்பவருக்கு ஓர் ஊரில் பொதுவாக மூன்றாண்டு. வாழ்க்கை கடினம் என்று வகைப்படுத்தப்பட்ட ஊரானால் இரண்டாண்டு. பெரும்பாலும் இரண்டு வெளிநாட்டுப் பணியிடங்களை அடுத்தடுத்து முடித்துவிட்டே தில்லிக்குத் திரும்புகிறார்கள். மாற்றல் உத்தரவு வந்ததும் அதிகாரிக்குப் புதிய ஊரில் மேசை, கோப்புகள், சக ஊழியர்கள், செய்ய வேண்டிய வேலை எல்லாம் தயாராக இருக்கின்றன. குடும்பத்துக்கு எதுவும் தயாராக இல்லை. வீட்டுச் சாமான் கப்பலில் வந்து சேரும்வரை பெட்டிகளோடு சமாளிப்பது, பள்ளியில் இடம் கேட்டு அலைவது, மருத்துவரைத் தேடுவது, கடைக்காரரிடம் பேச நாலு வார்த்தை கற்பது என்று ஒரு வீட்டை அடித்தளத்திலிருந்து கட்டுவது உடன் செல்பவரின் பொறுப்பாகிறது. கட்டி முடித்து அக்கம்பக்கம் பழகும்போது அடுத்த உத்தரவு வருகிறது. முப்பத்தைந்து ஆண்டுப் பணிக்காலத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்பதை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை 1961-ல் போடப்பட்டது. தூதர்களுக்கான சர்வதேசச் சட்டமாக இன்றும் நிற்கும் வியன்னா உடன்படிக்கை அந்த ஆண்டில் உருவானது. இந்திய வெளியுறவுப் பணியின் நடத்தை விதிகள், பணிச்சேர்ப்பு விதிகள், ஊதிய–படி விதிகள் மூன்றும் அதே ஆண்டைத் தாங்கியவை. வியன்னா உடன்படிக்கை குடும்பத்தை மறந்துவிடவில்லை. தூதருடன் ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தினருக்கும் சட்டப் பாதுகாப்பை நீட்டித்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் இன்னொருவரும் சம்பாதிப்பார் என்பது அதன் கண்ணில் படவில்லை. தூதரின் துணைவர் உள்ளூர் மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்தால் வருமான வரி யார் வசூலிப்பது, அவர் மீது வழக்கு வந்தால் விலக்கு உண்டா என்ற கேள்விகள் எழும். ஆகவே வேலை பார்க்க அந்த நாட்டின் தனி அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்க இரு நாடுகளுக்கும் இடையே ஏதாவது உடன்பாடு வேண்டும். சர்வதேசச் சட்டம் மனைவியைப் பாதுகாத்து வீட்டில் வைத்தது என்றால், இந்திய விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மணமான பிறகு குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம். மணமான பெண் இப்பணிக்கு நியமனம் கோருவதை உரிமையாகக் கொள்ள முடியாது. ஆணுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆணுக்குக் குடும்பம் ஒரு துணை, பெண்ணுக்கு ஒரு தடை என்ற எண்ணம் சட்ட மொழியில் எழுதப்பட்டிருந்தது.

அதை எதிர்த்து வழக்காடியவர் சி.பி.முத்தம்மா. குடகில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். மணம் செய்தால் விலகுவதாக உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டே பணியில் சேர்த்தார்கள் என்பது அவர் நீதிமன்றத்தில் சொன்னது. ஹங்கேரிக்கும் பின்னர் கானாவுக்கும் தூதராகச் சென்ற பிறகும் மேல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வு தந்தது. விதிகளை நீக்கவும் முன்வந்தது. 1979-ல் தீர்ப்பளித்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், அதனால் மனுவை முடித்துவைத்தாலும், குடும்பக் கடமை பெண்ணின் பணிக்கு இடையூறு என்றால் ஆணின் பணிக்கும் அப்படித்தானே என்று கேட்டார். பாலினப் பாகுபாட்டின் கறை நீங்கும்படி எல்லாப் பணி விதிகளையும் சீர்செய்யச் சொன்னார். அந்தத் தீர்ப்பு பெண் அதிகாரிக்கு வழி திறந்தது. 2001-ல் சொகிலா ஐயர் வெளியுறவுச் செயலாளரானார். நிருபமா ராவும் சுஜாதா சிங்கும் பின்னர் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். ஆனால் அதிகாரி அல்லாத துணைவரின் நிலை அன்று வழக்கின் பொருளாக இல்லை. அது 1961-லிருந்து அதிகம் நகரவில்லை.

துணைவர் செய்வது வேலைதான் என்பதை மற்ற நாடுகள் ஒருகாலத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருந்தன. அமெரிக்க வெளியுறவுத் துறையில் 1972 வரை அதிகாரியின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் அவருடைய மனைவியைப் பற்றியும் எழுதுவார்கள். விருந்தை எப்படி நடத்துகிறார், உள்ளூர்க்காரர்களோடு எப்படிப் பழகுகிறார் என்பது கணவரின் பதவி உயர்வில் சேர்ந்தது. மதிப்பெண் உண்டு, சம்பளம் கிடையாது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1969-ல் தூதரின் மனைவி என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரே ஓர் அமெரிக்கத் தூதரின் மகள். முகத்தில் வரவழைக்கும் இன்முகத்துக்கும் உழைப்பு என்றே பெயர் என்று பின்னாளில் ‘உணர்ச்சி உழைப்பு’ என்ற கருத்தை உலகுக்குத் தந்தவரும் அவர்தான். 1973-ல் ஹானா பாபனெக் இதற்கு இன்னும் துல்லியமான பெயர் கொடுத்தார்: இருவர் உழைத்து ஒருவர் சம்பளம் வாங்கும் பணி. வள்ளுவர் தூது அதிகாரத்தைப் பொருட்பாலிலும் விருந்தோம்பலை இல்லறவியலிலும் வைத்தார். தூதரின் வீட்டில் இரண்டும் ஒரே மேசையில் நடக்கின்றன. விருந்துக்கான அரிசி, பருப்புச் செலவுக்கு அரசு பணம் தருகிறது. அதற்குப் பின்னால் நாள் முழுக்க நின்றவரின் உழைப்புக்கு எந்தத் தலைப்பிலும் தொகை இல்லை.

அந்தக் காலத்து மனைவிக்கு வேறு தொழில் இருக்கவில்லை என்ற சமாதானமாவது இருந்தது. இன்று உடன் செல்பவர் மருத்துவராக, வழக்கறிஞராக, மென்பொருள் பொறியாளராக இருக்கிறார், கணவராகவும் இருக்கிறார். அவர் மத்திய அரசு ஊழியர் என்றே வைத்துக்கொள்வோம். சம்பளமில்லா விடுப்பில் துணையுடன் போகலாம். ஆனால் தொடர்ச்சியாக ஐந்தாண்டுக்கு மேல் விடுப்பு பொதுவாகக் கிடைக்காது. மூன்றாண்டுப் பணியிடங்கள் இரண்டை அடுத்தடுத்து முடிக்க ஆறாண்டு ஆகும். அரசின் ஒரு விதி ஆறாண்டு வெளியே இரு என்கிறது, இன்னொரு விதி ஐந்தில் திரும்பு என்கிறது. விடுப்பில் கழித்த காலம் பெரும்பாலும் ஊதிய உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் சேர்வதில்லை. தனியார் துறையிலோ வேலையை விட்டுவிடுவதே வழி. வருங்கால வைப்புநிதி நின்றுபோகும், திரும்பி வரும்போது அவருக்கு இளையவர்கள் மேலே போயிருப்பார்கள். தூதரகக் குடும்பத்தினர் வேலை பார்க்க இடம் தரும் இருதரப்பு உடன்பாடுகளை இந்தியா பல நாடுகளுடன் செய்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் கையெழுத்து கதவைத் திறக்கிறது, உள்ளே நாற்காலி போடுவதில்லை. மருத்துவர் அந்த நாட்டின் உரிமத் தேர்வை எழுத வேண்டும்; வழக்கறிஞருக்கு அங்கே நீதிமன்றம் இல்லை; மூன்றாண்டில் கிளம்பிவிடுவார் என்று தெரிந்த ஒருவரை வேலைக்கு எடுக்க நிறுவனங்கள் தயங்கும்; அனுமதியும் துணையின் பணிக்காலம் முடியும்போது பொதுவாக முடிந்துவிடும். வீட்டிலிருந்தே இந்திய நிறுவனத்துக்கு இணையம் வழியாக வேலை செய்வது இன்று எளிது என்று தோன்றலாம். அதற்கும் அந்த நாட்டின் வரி, அனுமதி விதிகள் தெளிவாக வேண்டும். உடன்பாடுகளில் இதற்கென ஒரு பிரிவு எழுதப்பட வேண்டியது அவசியம்.

பிள்ளைகளின் கதை இதைவிடச் சிக்கலானது. ஓரிடத்தில் பிறந்து வேறிடங்களில் வளரும் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று முதலில் அழைத்தவர் ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது. பல மொழிகள், பலதரப்பட்ட மனிதர்களோடு பழகும் லாவகம் ஆகியவற்றை இந்தப் பிள்ளைகள் பெறுகிறார்கள் என்பது உண்மை. அதை மறைத்து வாதாட நான் விரும்பவில்லை. ஆனால் ஆறு வயதில் ஒரு பாடத்திட்டம், ஒன்பதில் வேறொன்று, பன்னிரண்டில் மற்றொன்று என்று மாறும் பிள்ளைக்குக் கணக்கில் விட்டுப்போன பாடத்தை யார் சொல்லித்தருவது? கேந்திரிய வித்யாலயா வெளிநாட்டில் நடத்தும் பள்ளிகள் காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் ஆகிய மூன்றே நகரங்களில் உள்ளன. மற்ற ஊர்களில் கல்விப்படி இருக்கிறது, தொடர்ச்சி இல்லை. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு இன்னொரு கண்ணியும் அறுகிறது. தில்லியில் இருக்கும்வரை தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழ் படிக்கலாம்; அடுத்த பணியிடத்தில் வீட்டுப் பேச்சைத் தாண்டி எழுத்து நிற்குமா என்பது பெற்றோரின் வைராக்கியத்தைப் பொறுத்தது. சென்னைக்குத் திரும்பினால் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம் என்ற 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் முன் அந்தப் பிள்ளை நிற்கும். பாதுகாப்பு கெடும்போது இதெல்லாம் இரண்டாம் பட்சமாகிவிடும். 2016-ல் இஸ்லாமாபாத் தூதரகத்தில் பணிபுரியும் இந்தியர்கள் பிள்ளைகளை அங்குள்ள பள்ளிகளில் சேர்க்க வேண்டாம் என்று அரசு அறிவுறுத்தியது. பெஷாவர் பள்ளிப் படுகொலை நினைவில் இருந்த நேரம், முடிவு சரியானது. ஆனால் அதன் பொருள், பிள்ளை உள்ள ஊழியர் குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போக வேண்டும் என்பதே. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் இந்திய, பாகிஸ்தான் தூதரகங்களின் பலம் 55-லிருந்து 30-ஆகக் குறைக்கப்பட்டபோது கொடுக்கப்பட்ட அவகாசம் சுமார் ஒரு வாரம்.

இதற்கு முதல் எதிர்வாதம், இவர்கள் சலுகை பெற்றவர்கள் என்பது. வீடு, படி, பயணச்செலவு எல்லாம் அரசு தருகிறது. வளைகுடாவில் கட்டடம் கட்டும் தமிழர் குறிப்பிட்ட சம்பளம் இல்லாவிட்டால் மனைவியைக்கூட அழைத்துப்போக முடியாது. அவருக்கு இல்லாத அக்கறை தூதருக்கு எதற்கு என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. இரண்டு துயரங்களைத் தராசில் வைத்தால் தொழிலாளியின் தட்டுதான் தாழும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தூதரகம் என்றால் தூதர் மட்டுமில்லை. இந்தியாவுக்கு உலகெங்கும் 200-ஐ ஒட்டிய தூதரக அலுவலகங்கள் உள்ளன. இந்திய வெளியுறவுப் பணி (ஐஎஃப்எஸ்) அதிகாரிகள் ஏறத்தாழ 1,000 பேர்தான், அவர்களிலும் ஒரு பகுதியினர் தில்லியில். மீதி வேலையை நடத்துவோர் உதவியாளர்கள், கணக்கர்கள், தட்டச்சர்கள், காவலர்கள். பெரிய மாளிகையும் விருந்தும் அவர்களுக்கில்லை. மாற்றலும் பள்ளித் தேடலும் துணையின் வேலையிழப்பும் அப்படியே உண்டு. இரண்டு வருமானம் இருந்த இடத்தை ஒரே சம்பளம் அவர்களுக்கு எப்போதும் நிரப்பிவிடாது. வளைகுடாவில் ஒரு தொழிலாளி இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். சம்பளம் தராத முதலாளி மீது புகார் சொல்லவும் அதே வாசலுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த மேசையில் இருப்பவர் பிள்ளையின் படிப்புக்காகப் பாதியில் மாற்றல் கேட்டால், அங்கே போக அனுபவமுள்ளவர்கள் தயங்கினால், இழப்பு முதலில் யாருக்கு? ஆகவே தொழிலாளியின் நலனையும் தூதரக ஊழியரின் குடும்பத்தையும் எதிரெதிராக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

தெரிந்துதானே சேர்ந்தார்கள் என்பது இரண்டாவது கேள்வி. அதிகாரி தெரிந்து சேர்ந்தார். துணைவர் திருமணத்தில் சம்மதித்தார் என்றுகூடச் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளை எந்தத் தேர்வும் எழுதவில்லை. மாற்றலையே குறைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே ஊரில் நெடுங்காலம் இருப்பவர் அந்த நாட்டின் கண்ணால் பார்க்கத் தொடங்கும் ஆபத்து உண்டு. கடினமான ஊர்களை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளவும் சுழற்சி தேவை. மாற்றல் இருக்கட்டும், அதன் செலவைச் சுமப்பது யார் என்பதே என் கேள்வி. அமெரிக்கா 1978-ல் வெளியுறவுத் துறைக்குள்ளேயே குடும்பங்களுக்கென ஓர் அலுவலகத்தைத் திறந்தது; தூதரக வேலைகளில் தகுதியான துணைவர்களை அமர்த்தும் முறையையும் வளர்த்தது. 1980-ல் இயற்றிய சட்டம், பத்தாண்டுக்குக் குறையாமல் உடன் வாழ்ந்த துணைவருக்கு மணமுறிவுக்குப் பின்னும் ஓய்வூதியத்தில் பங்கு உண்டு என்றது. அலைந்த ஆண்டுகள் அவருக்கும் உரியவை என்று சட்டம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

நம் நாட்டில் இதைத் தொடங்கப் பெரிய நிதி தேவையில்லை. வேலை உடன்பாடுகளை விரிவாக்க எதிர்த்தரப்பின் சம்மதம் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் தூதரகங்களில் உள்ளூரில் நியமிக்கும் பணிகளுக்குத் தகுதியுள்ள துணைவர்களையும் பரிசீலிப்பது தில்லியின் கையிலேயே இருக்கிறது. வேலையை விட்டு உடன் சென்ற துணைவரின் ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆண்டுகளுக்கு அரசு ஒரு பங்கைச் செலுத்துவதும் அப்படித்தான். மத்திய அரசில் பணிபுரியும் துணைவருக்கு ஐந்தாண்டு விடுப்பு வரம்பைத் தளர்த்தி, வெளிநாட்டில் கழித்த காலத்தைப் பணிக்காலமாகச் சேர்ப்பதற்கு எந்த நாட்டுடனும் பேச வேண்டியதில்லை. பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் ஓர் அறிவிக்கை போதும்.