அகாடமிக்கு அளவுகோல் வேண்டும், ஊருக்குக் கதவடைப்பு வேண்டாம்

2025 அக்டோபர் 11 அன்று மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த சூப்பர் லீக் ரக்பி இறுதிப்போட்டியில் விகன் அணியை 24-6 என்று சாய்த்தது ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். அதே ஆண்டு சேலஞ்ச் கோப்பையும் லீக் சுற்றின் முதலிடக் கேடயமும் ஏற்கெனவே அதன் கைக்கு வந்திருந்தன. நாற்பது ஆண்டுகளாகப் பெரிய கோப்பை எதையும் தொடாத ஒரு துறைமுக ஊர்க் கிளப், ஒரே பருவத்தில் மூன்றையும் அள்ளிக்கொண்டு போனது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே கிளப்பைப் பார்த்துத்தான், உயர்நிலை இளையோர் அகாடமி நடத்த உங்களுக்கு உரிமம் கிடையாது என்று கையை விரித்தது இங்கிலாந்தின் ரக்பி ஃபுட்பால் லீக்.

2021ஆம் ஆண்டு உரிமங்களைப் புதிதாக வழங்கியபோது பிராட்ஃபோர்ட், காசில்ஃபோர்ட், ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், லீ ஆகிய கிளப்புகளின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அமைப்பின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பதின்வயதில் ரக்பி ஆட வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. இருக்கும் பிள்ளைகளைப் பல அகாடமிகள் பங்குபோட்டால் தரம் நீர்த்துப்போகும். எனவே சில இடங்களில் மட்டும் நன்றாக நடத்துவோம் என்றது அது. கிளப்புகள் பொங்கி எழுந்தன. மேல்முறையீடு, கண்டன அறிக்கைகள், ரசிகர்களின் கோபம் என்று சில வாரங்கள் ஓடிய பிறகு பிராட்ஃபோர்ட், காசில்ஃபோர்ட், ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் மூன்றுக்கும் தகுதிகாண் அடிப்படையில் உரிமம் தரப்பட்டது. மறுத்ததும் அதே அமைப்பு, பிறகு மனம் மாறியதும் அதே அமைப்பு. இடையில் எந்தச் சட்டியில் எந்தப் பருப்பு வெந்தது என்பது வெளியாருக்குச் சரியாகத் தெரியவே இல்லை.

பனியன் ஊரான திருப்பூருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ரக்பி லீக் என்ற ஆட்டமே ஜவுளி ஆலைத் தொழிலாளியின் சம்பளப் பிரச்சினையில் பிறந்தது. வடக்கு இங்கிலாந்தின் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டக் கிளப் பணம் தரலாமா கூடாதா என்பதுதான் சண்டை. தெற்கத்தி கனவான்கள் கூடாது என்றார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று, கம்பளித் துணிக்குப் பேர்போன ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் பிரிந்துவந்து தனிச் சங்கம் கண்டன. வேலை இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2021இல் உரிமம் மறுக்கப்பட்ட பிராட்ஃபோர்டும் ஒரு காலத்தில் உலகின் கம்பளித் தலைநகரம்தான். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போன ஆயிரக்கணக்கானோர் அங்கே இரவு ஷிப்ட் ஓட்டியிருக்கிறார்கள்.

போன கூலியை யார் தருவது என்ற அந்தக் கேள்வி திருப்பூரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு எழுந்திருக்கிற குடும்பங்களின் ஊர் இது. ஓவர்லாக், பேட்லாக் ஓட்டுகிற டைலருக்குப் பீஸ் ரேட். செக்கிங்கில் இருக்கிற அம்மா, மாலை நாலரைக்குப் பையனைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்க வேண்டும். கேட்டால் அரை ஷிப்ட் போகும். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது ஆர்டர்கள் சுருங்கின. அப்போது பல வீடுகளில் முதலில் வெட்டப்படுகிற செலவு எதுவாக இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊரில், அதைத் தைக்கிறவர்களின் பிள்ளைக்கு ஒரு நல்ல மைதானமும் ஒரு நல்ல பயிற்சியாளரும் நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கிறார்களா என்பதே இங்கு நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஹல் நகரின் சண்டை உரிமம் மறுக்கப்பட்டதால் வந்தது. இங்கே நிலைமை தலைகீழ்: உரிமம் என்ற பேச்சே இல்லை. காலி மனையில் வலை கட்டி, சிமென்ட் பிட்ச் போட்டு, சச்சின் படமோ தோனி படமோ போட்ட பேனரைத் தொங்கவிட்டால் அது கிரிக்கெட் அகாடமி. செயற்கைப் புல் விரித்து இரவில் விளக்குப் போட்டால் டர்ஃப். அதே டர்ஃபில் மாலையில் பத்துப் பையன்கள் சேர்ந்தால் கால்பந்து அகாடமி. சேர்க்கைப் படிவத்தை வாங்கிப் பார்த்தால் பெயர், பிறந்த தேதி, ஆதார், ஜெர்சி அளவு, மாதக் கட்டணம் என்று வரிசையாக இருக்கும். பயிற்சியாளர் என்ன படித்தார், முதலுதவி தெரிந்தவர் யார், பையன் கையை முறித்துக்கொண்டால் செலவு யாருடையது, புகார் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் அதில் இடமே இருக்காது. எல்லா இடமும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. விடியற்காலை சிக்கண்ணா அரசு கல்லூரி மைதானத்தில் சம்பளம் எதிர்பாராமல் பிள்ளைகளை ஓடவைக்கிற பழைய வீரர்களைப் போன்றவர்களால்தான் இந்த ஊரின் விளையாட்டு இன்னும் மூச்சு விடுகிறது. ஆனால் நல்லவரையும் வியாபாரியையும் பிரித்துக் காட்ட பெற்றோரிடம் ஒரு காகிதமும் இல்லை.

கால்பந்தில் மட்டும் ஏதோ ஒரு முறை உண்டு. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அகாடமிகளுக்கு நட்சத்திரத் தகுதி வழங்குகிறது. தேசிய இளையோர் லீகில் அணியை இறக்க அந்தத் தகுதி வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் மைதானம், பயிற்சியாளர் சான்றிதழ், மருத்துவ வசதி, கணக்கு வழக்கு என்று கேட்கப்படுவதை எல்லாம் நிறைவேற்ற முதல் வேண்டும். முதல் இருப்பது பெருநகரத்துக் கிளப்புகளிடமும் பெரிய பள்ளிகளிடமும். பெரிய கிளப்பை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். 2025இல் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடர் நடக்குமா நடக்காதா என்ற குழப்பத்தில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. தலை ஆடினால் அதன் கீழ் இருக்கிற இளையோர் பிரிவு எப்படி நிற்கும்?

கிரிக்கெட்டில் இன்னொரு வகை வெற்றிடம். 2025 ஜூலை 6 அன்று நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன்னில் வீழ்த்தித் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது திருப்பூர் தமிழன்ஸ். ஊரே மகிழ்ந்தது, மகிழ வேண்டியதும்தான். ஆனால் அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய நான்கு இடங்களில்தான் நடந்தன. 2019 வரை இதே உரிமையாளரின் அணிக்குக் காரைக்குடி காளை என்று பெயர். பெயர்ப்பலகையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றுவது அவ்வளவு எளிது. ஓர் ஊரின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்ளும் அணி, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் ஒரு நிபந்தனை வேண்டாமா?

ஆகவே உரிமம் தேவை என்பதில் சந்தேகமே வேண்டாம். 2021 மார்ச்சில் வெளியான ஷெல்டன் அறிக்கையை நினைத்தால் போதும். இங்கிலாந்துக் கால்பந்தில் 1970 முதல் 2005 வரை சிறுவர்கள் மீது நடந்த பாலியல் வன்கொடுமைகளை அது விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 692 பேர். எல்லாருக்கும் தெரிந்த கிளப்புகள், எல்லாரும் மதித்த பயிற்சியாளர்கள். பிள்ளையைக் கையில் ஒப்படைக்கிற இடத்துக்குக் கேள்வி கேட்கும் அதிகாரி ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. நம்மிடம் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அதன்படி குற்றம். ஆனால் டர்ஃப் வாசலில் அந்தச் சட்டம் ஒரு பலகையாகக்கூடத் தொங்குவதில்லை.

உரிமத்தை எதற்குக் கருவியாகப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் தகராறு. பிள்ளையின் பாதுகாப்பு, படிப்பு, உடல்நலம் இவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகோல் வைத்து, அதை எட்டுகிற எவருக்கும் கதவைத் திறந்துவிடுவது ஒரு வழி. இத்தனை ஊருக்குத்தான் என்று எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றவர்களை வடிகட்டுவது இன்னொரு வழி. இங்கிலாந்து ரக்பி இரண்டாவது வழியில் போய்த்தான் சிக்கிக்கொண்டது. அந்நாட்டுக் கால்பந்தில் 2012இல் வந்த அகாடமித் தரவரிசைத் திட்டம் இன்னொரு பாடம். அதற்கு முன் பதின்வயதுப் பையன்களை அகாடமியில் சேர்க்கப் பயண தூரக் கட்டுப்பாடு இருந்தது: ஒன்றரை மணி நேரத்துக்குள் வீடு இருக்க வேண்டும். முதல் தர அகாடமிகளுக்கு அது தளர்த்தப்பட்டது. சிறு கிளப்பிலிருந்து பையனை எடுப்பதற்கான இழப்பீடும் நிர்ணயத் தொகையாகச் சுருங்கியது. மேற்கு லண்டனின் பிரென்ட்ஃபோர்ட் கிளப் வளர்த்த பையன்கள் மான்செஸ்டரின் இரண்டு பெரிய கிளப்புகளுக்கும் சொற்பத் தொகைக்குப் போனார்கள். இனி எதற்கு என்று 2016இல் அகாடமியையே இழுத்து மூடிவிட்டது பிரென்ட்ஃபோர்ட். 2022இல்தான் மீண்டும் திறந்தது.

ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸின் மூன்று கோப்பைகளை அதன் அகாடமி வென்று தந்தது என்று சொன்னால் அது மிகை. அந்த அணியில் பலரும் வெளியிலிருந்து வாங்கப்பட்டவர்கள். ஆனால் ஆட்டத்தின் திசையைத் தீர்மானிக்கும் மைக்கி லூயிஸ் ஹல் நகரத்துப் பையன். சூப்பர் லீகின் சிறந்த வீரருக்கான 2024ஆம் ஆண்டு விருது பெற்றவர். அவர் வளர்ந்தது, ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத ஹல் எஃப்.சி.யும் கிங்ஸ்டன் ரோவர்ஸும் சில ஆண்டுகள் சேர்ந்து நடத்திய ஹல் நகர அகாடமியில். தனித்தனியே முடியாததை இரண்டு பரம எதிரிகள் கூடிச் செய்தார்கள். பிற்பாடு அது பிரிந்தது வேறு கதை.

கூடிச் செய்வதைத் திருப்பூருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றைக் கெடுத்த எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற அளவுகோலைத் தனியொரு சிறு பட்டறை எட்ட முடியாது. இயந்திரத்தின் விலையிலேயே மூழ்கிவிடும். பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அந்தத் தரத்துக்கு உயர்த்தின, அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, தரத்தைக் காட்டியவை படிப்படியாகத் திறந்தன. யாரும் அளவுகோலைக் குறைக்கவில்லை. இத்தனை பட்டறைக்குத்தான் அனுமதி என்று தலையெண்ணி மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. சிறியவர்கள் கூடி எட்டுவதற்கு ஒரு வழி கொடுக்கப்பட்டது. அந்த அனுபவத்தில் வலியும் நட்டமும் நிறைய உண்டு, ஆனால் வழி சரியான வழி.

விளையாட்டு அகாடமிகளுக்கும் அதே வழி பொருந்தும். நாலைந்து சிறு அகாடமிகளுக்குப் பொதுவாக ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு குழந்தைப் பாதுகாப்பு அலுவலர், ஒரு விபத்துக் காப்பீட்டுத் திட்டம், மாநகராட்சிப் பள்ளி மைதானம் ஒன்று மாலை நேரத்தில். இதற்கு ஆகும் செலவைப் பிராண்டுகளுக்குச் சமூகப் பொறுப்புக் கணக்குக் காட்டுகிற ஏற்றுமதியாளர்களால் தாங்க முடியாதா? சின்னப்பம்பட்டியில் புடவைத் தறியில் கூலிக்கு உழைத்த தகப்பனின் மகன் நடராஜன், இந்திய அணிக்கு ஆடித் திரும்பியதும் தன் ஊரிலேயே மைதானம் கட்டி 2023இல் திறந்தார். ஒரு தனிமனிதர் செய்ததை ஒரு தொழில் நகரம் செய்ய முடியாது என்றால் நம்ப முடியவில்லை. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற கார்த்திகா வந்தது சென்னைக் கண்ணகி நகரிலிருந்து. பளபளப்பான அகாடமி எதுவும் அவரைக் கண்டெடுக்கவில்லை. குடியிருப்புக்குள்ளேயே பயிற்சி இருந்ததால்தான் அவர் கிடைத்தார். தூரம் என்பது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மிகப் பெரிய தேர்வு. பெண் பிள்ளைக்கு இன்னும் பெரியது.

2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சம்மேளனங்களுக்கு அங்கீகாரம் தர ஒரு வாரியத்தையும், தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயத்தையும் முன்வைக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். தெருமுனை அகாடமி வரை அதன் கை நீளாது. அது மாநிலம் செய்ய வேண்டிய வேலை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டவாரியாக அகாடமிகளின் பதிவேடு ஒன்றைத் தொடங்கட்டும். பதிவு இலவசமாக இருக்கட்டும். பயிற்சியாளரின் தகுதியும் காவல்துறைச் சரிபார்ப்பும் காப்பீடும் புகார் எண்ணும் அதில் பொதுவில் தெரியட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பவர்டேபிளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை, சான்றிதழ் வேறு மாநிலம் என்று திருப்பியனுப்பக் கூடாது என்பதும் விதியாகட்டும். குறை இருந்தால் எழுத்தில் சொல்லி, திருத்த அவகாசம் தந்து, மறுத்தால் காரணத்தோடு மறுக்கட்டும்; அதை எதிர்த்து முறையிட மாவட்ட அளவிலேயே ஓர் இடம் இருக்கட்டும். ஏப்ரலில் கோடை முகாம்களுக்கான பேனர்கள் அவினாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் கட்டப்படும்போது, ஒவ்வொரு பேனரிலும் ஒரு பதிவு எண் இருந்தாக வேண்டும் என்ற ஒரே ஓர் ஆணையை இந்த ஆண்டே பிறப்பிக்க ஆட்சியர் அலுவலகத்துக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது.