வாதாடினால் நினைவு திரும்புமா?

"எனக்கு இன்னும் யாரும் சோறு போடவில்லை!" என்கிறார் பாட்டி. சாப்பிட்டு அரை மணி நேரம்தான் ஆகிறது.

"இப்போதுதானே போட்டேன்!" என்று மருமகள் சீறுகிறாள். பாட்டி அழுகிறார். வீடே அமர்க்களப்படுகிறது.

குற்றம் யார் மேல்? இருவர் மேலும் இல்லை. பாட்டிக்கு வந்திருப்பது 'டிமென்சியா' என்னும் மறதி நோய். மூளை பாதிக்கப்படுவதால் வருவது அது. வாதாடினால் நினைவு திரும்பாது. "இதோ தருகிறேன், பாட்டி" என்று சொல்லி, ஒரு துண்டு பழத்தைக் கொடுத்துப் பேச்சை மாற்றினால் அமைதியாவது திரும்பலாம்.

இதுவும் ஒரு கலை. கற்றால்தான் வரும்.

கற்றுக் கொடுக்க வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 'ஐ-சப்போர்ட்' என்ற பயிற்சியை உருவாக்கியது. அதன் கையேடு 2019-ல் வெளிவந்தது. இணையத்தின் மூலம் வீட்டிலிருந்தே கற்கலாம். மொத்தம் 23 பாடங்கள். அவற்றில் 10, நோயாளியின் நடத்தை மாறுதல்களைச் சமாளிப்பது பற்றியவை. பார்த்துக்கொள்பவர் தம்மைக் காத்துக்கொள்ளவும் 3 பாடங்கள் உண்டு.

ஆனால், பாட்டியை விட்டு நகர முடியாத மருமகள் எப்போது படிப்பாள்?

வீட்டு ஆண்களே! தினமும் ஒரு மணி நேரம் பாட்டியின் அருகில் நீங்கள் உட்காருங்கள். பாடங்களை நீங்களும் படியுங்கள். அவர் உங்களைப் பெற்ற தாய் அல்லவா?