விஞ்ஞானச் சிந்தனை: கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள்

விடுமுறைக்கு ஊர் செல்லப் பயணச்சீட்டு எடுத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. அவர்கள் ஏறிச் செல்லும் ரயில் பெட்டியின் அடியில் நிகழும் ஒரு விந்தையைப் பற்றி இம்மாதம் எழுத விழைகிறேன்.

கழிவறையின் அசுத்தம் நேரே இருப்புப் பாதையில் விழுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அதனால் விளைந்த தீங்குகள் இரண்டு. தண்டவாளங்களும் அவற்றைப் பிணைக்கும் உறுப்புகளும் துருவேறித் தேய்ந்தன. அனில் காகோட்கர் தலைமையில் அமைந்த பாதுகாப்புக் குழு, இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென 2012-இல் பரிந்துரைத்தது. மற்றைய தீங்கு மனிதருக்கு நேர்ந்த இழிவு. வண்டி நகர்ந்த பின், துடைப்பத்துடன் பாதையில் இறங்கியவரும் நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தின் தலைவரே அல்லரோ?

இதற்கு மாற்று பனிமலையை எண்ணிச் செய்த ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. சியாச்சின் போன்ற உறைபனிப் பிரதேசங்களில் கழிவு எளிதில் மக்காது. ஆதலின், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் குவாலியர் ஆய்வகத்தார் கடுங்குளிரிலும் செயற்படும் நுண்ணுயிர்க் கலவை ஒன்றை உருவாக்கினர். 2011-இல் குவாலியர்–வாரணாசி புந்தேல்கண்ட் விரைவு வண்டியில் இம்முறைக் கழிவறைகள் பொருத்தப்பட்டன. 2016 ஜூலையில், மானாமதுரை–ராமேசுவரம் இடையிலான 114 கிலோமீட்டர் பாதை, கழிவு விழாத முதற் பாதையெனப் பெயர் பெற்றது.

பெட்டியின் அடியிலுள்ள தொட்டி பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். அங்கே பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவை உண்டு நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. நீர் குளோரினால் தூய்மை பெற்று வெளியேறுகிறது. வாயு காற்றில் கலக்கிறது.

அவ்வாயுவில் மிகுந்திருப்பது எரியும் இயல்புடைய மீதேன். ஓடும் வண்டியில் அதனைச் சேகரிப்பார் இல்லை; நிலத்தில் சேகரித்தவர் உண்டு. பிற்காலத்தில் தமிழர் பெருகி வாழ்ந்த பம்பாய் மாதுங்காவில், தொழுநோயாளர் இல்லம் ஒன்றின் கழிவிலிருந்து 1897-ஆம் ஆண்டிலேயே எரிவாயு எடுத்துப் பயன்படுத்தினர். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1962 முதல் சாண எரிவாயுக் கலன்களை நாட்டுப்புறங்களில் பரப்பியது. 2022 பிப்ரவரியில் இந்தூரில் திறக்கப்பட்ட ஆலையோ, நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையைக் கொண்டு சுமார் 17,000 கிலோ எரிவாயு தரும் வண்ணம் அமைந்தது. நகரப் பேருந்துகளுக்கும் அவ்வாயு எரிபொருளாகிறது.

இந்தூரின் வெற்றிக்கு அடிப்படை அந்நகரத்து அடுக்களைகளில் இருக்கிறது. ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் அங்குள்ளோர் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கின்றனர். நுண்ணுயிர் காய்கறித் தோலை உண்ணும், பிளாஸ்டிக்கை உண்ணாது. ரயில் தொட்டிக்கும் இதே விதிதான். தண்ணீர்ப் புட்டி, குழந்தையின் அணையாடை, பாக்குப் பொட்டலத்தின் உறை ஆகியவற்றை உள்ளே எறிந்தால் தொட்டி அடைபடும். பின்னர் ஒரு தொழிலாளி வந்து அவ்வடைப்பை அகற்ற வேண்டும். விஞ்ஞானம் அவர் கையிலிருந்து வாங்கிய துடைப்பத்தை, நமது அசட்டை மீண்டும் அவரிடமே கொடுத்துவிடுகிறது.

ஆகவே தாய்மார்களே, ஊருக்குக் கட்டும் கட்டுச்சோற்று மூட்டையோடு குப்பைக்கென ஒரு காலிப் பையையும் எடுத்து வையுங்கள். வீட்டிலும் இரண்டு கூடைகள் இருக்கட்டும். எஞ்சிய வேலையை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும்.